பக்கவாட்டுக் கதவு

வியாழக்கிழமை மாலை, ஐந்தடிக்கப் பத்து நிமிடம். ‘கார்ட்ஸ் லாம்ப்’ என்ற பப்பை ஒட்டிய சந்தில், காலி பீப்பாய்களுக்கும் பக்கவாட்டுக் கதவுக்கும் நடுவே நெவில் நின்றுகொண்டிருந்தார். முன்வாசல் பக்கமிருந்து கைத்தடிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. முதலில் டக் என்று தடி விழும். அடுத்து வலது கால் ஷூ தரையை இழுத்துக்கொண்டு வரும். மறுபடி டக். பிறகு முன்கதவின் ஸ்பிரிங் முனகும். அந்த முனகலுக்குப் பிறகு இருபது எண்ணுவார். அதற்குள் ஹெட்லி தன் ஸ்டூலைப் போய்ச் சேர்ந்திருப்பார். எதிரே இருக்கும் ரயில் நிலையத்தில் நாற்பது வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற, அறுபத்தேழு வயது மனிதர், கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை மாதிரி சந்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். யாராவது கேட்டால் சொல்வதற்கு, ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது என்று ஒரு பதில் கைவசம் இருந்தது. பதினான்கு மாதங்களாக யாரும் கேட்கவில்லை.

இருபது ஆனதும் கதவைத் திறந்து சின்ன அறைக்குள் நுழைந்தார். நான்கு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம், அவ்வளவுதான். விக்டோரியா மகாராணி காலத்துப் பப் அது. நடுவில் ஒரே கவுண்டர். அதைச் சுற்றி மரத் தடுப்புகள் வைத்து, யார் யாரோடு சேர்ந்து குடிக்கக் கூடாதோ அதன்படி அறைகளாகப் பிரித்திருந்தார்கள். சின்ன அறையின் கவுண்டர் மேல் மட்டும், உட்கார்ந்தவர் முகத்துக்கு நேராக, புத்தக அட்டை அளவில் வரிசையாகக் கண்ணாடிப் பலகைகள். கொக்கும் நாணலும் செதுக்கிய மங்கலான கண்ணாடி, நடுத்தண்டில் சுழலும். அந்தக் காலத்துக் கனவான்கள் தங்கள் குமாஸ்தாக்களின் கண்ணில் படாமல் குடிப்பதற்குச் செய்த ஏற்பாடு. வேண்டியபோது ஒன்றைத் திருப்பி, கேட்டதை வாங்கிக்கொண்டு, மறுபடி மூடிக்கொள்ளலாம். கனவான்கள் போய் நூறு வருஷமாகிவிட்டது. இப்போது அதன் பயனை முழுசாக அனுபவிப்பவர் ஒரு டிக்கெட் குமாஸ்தா.

தொப்பியைக் கழற்றி வழக்கமான கொக்கியில் மாட்டிவிட்டு, ஒரு பலகையை விரலால் லேசாகத் திருப்பினார். மோதிரங்கள் போட்ட கை ஒன்று தெரிந்தது. டோரீன். பப்பை நடத்துகிறவள். பாதிரியாரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லோரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள்.

“வந்தாச்சா கண்ணு? வழக்கமானதுதானே?”

“மெதுவா பேசும்மா.”

“ஏன், அங்க புலியா உக்காந்திருக்கு? அந்தப் பக்கம் நாலு எட்டு வச்சா உங்க காலு தேஞ்சிடுமா?”

“அடுத்த வாரம் போறேன்.”

“போன ஈஸ்டர்லேர்ந்து இதையேதான் சொல்றீங்க.”

ஒரு பைன்ட் பியரை நுரை ததும்ப வைத்துவிட்டு அவளே பலகையைத் திருப்பி மூடினாள். நெவில் தலையைக் குனிந்துகொண்டு முதல் வாயைக் குடித்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இஞ்சிக் கேக். அவர் மனைவி பெரில் ஒவ்வொரு வியாழனும் ஹெட்லிக்கென்று வெட்டிக் கட்டிக் கொடுப்பது. அதை நெவில் இந்த அறையில் உட்கார்ந்து தானே தின்றுவிடுவார். தூக்கிப் போட மனசு வரவில்லை, வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது. பெரில் சுட்டால் அந்தத் தெருவே மணக்கும். ஆனால் இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு துண்டுகூட அவருக்கு நேராகத் தொண்டையில் இறங்கியதில்லை.

முப்பது வருஷம் அவர்கள் முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள், சேர்ந்தே வந்தார்கள். ஸ்டேஷனில் நெவிலுக்கு டிக்கெட் கவுண்டர், ஹெட்லிக்கு அறிவிப்பு மைக். அந்த ஊரில் ஹெட்லியின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர் கிடையாது. மேடை மூன்றில் வரும் வண்டி எங்கெங்கே நிற்கும் என்று அவர் சொல்லும்போது, அந்த வண்டியில் போகாதவர்களும் நின்று கேட்பார்கள். கல்யாணமாகிப் போகிற பெண்ணை வழியனுப்ப வந்த தாய், அந்தக் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டதை நெவில் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். வியாழன் மாலை இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடியும். கணப்புக்குப் பக்கத்து மேஜை அவர்களுடையது. ஒருவர் ஒரு சுற்று, மற்றவர் ஒரு சுற்று, அதற்கு மேல் கிடையாது. இரண்டாவது சுற்றில் யாராவது கேட்டுக்கொண்டால், கடற்கரை வரைக்கும் உள்ள இருபத்தொரு நிறுத்தங்களையும் ஹெட்லி ஒரே மூச்சில் சொல்லிக்காட்டுவார். கடைசிப் பெயருக்கு மொத்தப் பப்பும் மேஜையைத் தட்டும். நெவிலுக்கு அதில் தனிப் பெருமை, ஏதோ தானே சொன்ன மாதிரி.

ஓய்வு பெற்ற மறு வருஷம் ஹெட்லிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. அதோடு பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் இருந்து வெளியே வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது ஒரு வார்த்தையும் ஒரு வாக்கியமும். வார்த்தை, “ஆமா.” இல்லை என்று சொல்ல வராது, அதற்குத் தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டுவார். வாக்கியம்தான் விநோதம். வேறு எதையோ சொல்ல வாயெடுப்பார், முகம் சிவந்துபோகும், பிறகு திடீரென்று அந்தப் பழைய மைக் குரலில், ஒரு பிசிறு இல்லாமல், “தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று வந்து விழும். அவ்வளவுதான். நாற்பது வருஷம் சொன்ன ஆயிரம் ஊர்ப் பெயர்களில், ஆயிரம் நேரத்தில், இது ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்து உள்ளே தங்கிவிட்டது.

அவர் மறுபடி பப்புக்கு வர ஆரம்பித்த இரண்டாவது வியாழன் அது நடந்தது. கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்த ஏழெட்டு இளைஞர்கள் கவுண்டரை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் ஹெட்லியை அடையாளம் கண்டுகொண்டான்.

“டேய், இவருதான்டா ஸ்டேஷன் குரலு! பெரியவரே, மேடை மூணுல என்ன வண்டி?”

ஹெட்லிக்கு அந்தக் கேள்வி சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இருபத்தொரு ஊர்களையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தியிருப்பார். வாயைத் திறந்தார். “தாமதத்துக்கு வருந்துகிறோம்.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. அடுத்தவன் கேட்டான், “பெரியவரே, எனக்கு எப்ப கல்யாணம்?” ஹெட்லி தலையை ஆட்டினார், வேறொன்றைச் சொல்ல முட்டி மோதினார். “தாமதத்துக்கு வருந்துகிறோம்.” “எங்க டீம் எப்ப ஜெயிக்கும்?” “தாமதத்துக்கு வருந்துகிறோம்.” ஹெட்லி வாய்க்குக் கொண்டுபோன பியர் சாய்ந்து தாடை வழியாக ஓடிக் கழுத்துப்பட்டியில் இறங்கியது. நெவிலின் மேல்பையில் பெரில் தேய்த்து வைத்த கைக்குட்டை இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. சிரித்தார். வாயை மூடிக்கொண்டு அடக்கிய சிரிப்பு என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார், ஆனால் அது பொய். கண்ணில் தண்ணீர் வர, மேஜையைத் தட்டிக்கொண்டு, அந்தப் பையன்களோடு பையனாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஹெட்லி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தாலாவது தேவலை. வழி கேட்க நிற்கும் வெளியூர்க்காரர் மாதிரிப் பார்த்தார்.

அடுத்த வியாழன் நெவிலுக்கு முதுகுவலி. அதற்கடுத்த வியாழன் பல் வைத்தியர். மூன்றாவது வாரம் பெரில் கேக்கைக் கையில் கொடுத்து, “ஹெட்லி காத்திட்டிருப்பாரு, கிளம்புங்க” என்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போவது? சந்துப் பக்கம் திரும்பினார். ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தார். பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக ஹெட்லியை விட்டு நழுவியது அவருக்கு அந்தத் தடுப்புக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. “வரேன்பா, வேலை இருக்கு” என்ற குரல்கள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. கடைசியில் தடிச் சத்தம் மட்டும் வந்தது. கணப்பு மேஜை மற்றவர்கள் கைக்குப் போய்விட, ஹெட்லி சுவரோரமாக ஒரு மூலை ஸ்டூலுக்கு மாறிக்கொண்டார் என்று டோரீன் சொன்னாள். நெவில் அவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டினார். நன்றி கெட்ட பயல்கள். திட்டிவிட்டுக் கேக்கைத் தின்றார்.

இன்றைக்குக் கேக்கில் பாதி முடிந்திருந்தபோது முன்கதவு இன்னொரு முறை முனகியது. கூடவே ஒரு பெண் குரல். நெவிலின் கை அப்படியே நின்றது. மூரியல். ஹெட்லியின் மனைவி. முப்பது வருஷத்தில் அவள் இந்தப் பப்புக்குள் கால் வைத்து அவர் பார்த்ததில்லை.

“டோரீன், நெவில் இன்னும் வரலியா? இவரு பக்கத்து ஸ்டூல் காலியா இருக்கே.”

டோரீன் துணியால் கவுண்டரைத் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. “வர்ற நேரந்தான் கண்ணு,” என்றாள் பிறகு. கொஞ்சம் உரக்கவே சொன்னாள். முகம் கண்ணாடிப் பலகைகள் பக்கம் திரும்பியிருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது.

“இன்னிக்குப் பாத்து வராம போயிட்டா என்ன பண்றது? திங்கக்கிழமை கிளம்பறோம். இனிமே மகள் வீடுதான், கடலுக்குப் பக்கத்துல. என்னால தனியா இவரைத் தூக்கிப் பிடிக்க முடியல. இவருக்கு இதுதான் இங்க கடைசி வியாழன்.”

நெவிலுக்குப் பின்னால் சந்துக் கதவு இருந்தது. சத்தமில்லாமல் திறந்து, நேராக வீட்டுக்குப் போய்விடலாம். ஹெட்லி ஊரைவிட்டுப் போய்விடுவார், மூரியலுக்கும் எதுவும் தெரியாது, பெரிலிடம் ‘பாவம், போயிட்டான்’ என்று சொல்லி முடித்துவிடலாம். அது எவ்வளவு சுலபம் என்று நினைத்தபோது அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்தார். சந்துக்கு வந்தார். தூறிக்கொண்டிருந்தது. வலது பக்கம் திரும்பினால் பஸ் நிறுத்தம். இடது பக்கம் திரும்பி, பப்பின் பச்சை ஓடு பதித்த சுவரைக் கையால் தடவியபடியே மூலையைச் சுற்றினார். முப்பது எட்டுகூட இருக்காது. அதற்குள் மூச்சு வாங்கியது.

ஸ்பிரிங் முனகியது. மூலை ஸ்டூலில் ஹெட்லியின் முதுகு தெரிந்தது. மெலிந்துவிட்டிருந்தார், கோட்டின் தோள்கள் தொங்கின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூரியல்தான் எழுந்து வந்து நெவிலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அய்யோ, தொப்பிகூட இல்லாம நனைஞ்சு வந்திருக்கீங்களே! வாங்க, வாங்க, உக்காருங்க. உங்களை ஒரு தடவை நேர்ல பாத்துச் சொல்லணும்னுதான் நானே வந்தேன்.”

“என்ன மூரியல், பெரிய வார்த்தையெல்லாம்...”

“இல்லை, சொல்லத்தான் சொல்வேன். மத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாக்கு. நீங்க ஒருத்தர்தான் ஒரு வியாழன் விடாம இவருகூட உக்காந்தீங்க. வீட்டுக்கு வந்ததும் கேப்பேன், உங்க பழைய கூட்டாளி ஃப்ராங்க் வந்தாரான்னு. டக்குன்னு தடியைத் தட்டுவாரு. நெவில் வந்தாரான்னா, ‘ஆமா’ம்பாரு. நல்லா இருக்காரான்னா, ‘ஆமா.’ அன்னிக்குக் கடையில பெரிலைப் பாத்தேன், கேக் குடுத்து விடறதா சொன்னாங்க. எனக்குத் தெரியவே தெரியாது பாருங்க. கேக் நல்லா இருந்துச்சான்னு இவரைக் கேட்டேன். ‘ஆமா’ன்னாரு. ஒரு துண்டு எனக்குக் கொண்டு வரக் கூடாதான்னு சண்டை போட்டேன்!”

அவள் சிரித்தாள். நெவிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. டோரீன் ஏற்கெனவே துடைத்த கிளாஸை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். கேக் விஷயம் ஹெட்லிக்கு எப்படித் தெரியும்? டோரீன் சொல்லியிருப்பாளா?

“மூரியல், நான் வந்து...” என்று ஆரம்பித்தார் நெவில்.

“ஆமா,” என்றார் ஹெட்லி. யாரும் எதுவும் கேட்காமலே, உரக்க. இடது கையால் பக்கத்து ஸ்டூலைத் தட்டினார்.

“பாத்தீங்களா, உங்க நேரத்துல நான் பேசறது பிடிக்கல,” என்றாள் மூரியல், குடையை எடுத்துக்கொண்டே. “மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு அரை மணில வந்துடறேன். கொஞ்ச நாள் அந்த ஸ்டேஷன் வாசகத்தைச் சொல்லிட்டிருந்தாரு, ஞாபகமிருக்கா? எனக்கு அது பிடிக்கும், பழைய குரல் அப்படியே வரும். போன வருஷத்துலேர்ந்து அதையும் விட்டுட்டாரு. வந்தாலும் பல்லைக் கடிச்சு அடக்கிடறாரு. ஏன்னு தெரியல.”

கதவு முனகி மூடிக்கொண்டது. நெவில் உட்கார்ந்தார். டோரீன் கேட்காமலே ஒரு பைன்ட்டை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் திரும்பி ஹெட்லியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. ஆகவே, வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், எதிரே பாட்டில்களைப் பார்த்தார், பாட்டில்களுக்கு மேலே பார்த்தார்.

அங்கே ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. முப்பது வருஷமாக இருக்கிறது. கணப்பு மேஜையிலிருந்து பார்த்தால் அதில் அந்த அறையின் பலகைத் தரை மட்டும் தெரியும். கண்ணாடியின் மேல்பக்கத்தை முன்னால் சாய்த்து மாட்டியிருந்தார்கள். இந்த மூலை ஸ்டூலிலிருந்து பார்க்கும்போது அது மரத் தடுப்புக்கு மேலாக எட்டி, அந்தப் பக்கம் சின்ன அறைக்குள் நேராக இறங்கியது. பெஞ்சு தெரிந்தது. பாதி குடித்த கிளாஸ் தெரிந்தது. காகிதத்தின் மேல் கடித்த தடத்தோடு பாதிக் கேக் தெரிந்தது. கொக்கியில் அவருடைய தொப்பி தொங்கியது. கொக்குகளும் நாணல்களும் செதுக்கிய அந்தப் பலகைகள் எல்லாம், மூடியபடி, எதையும் மறைக்காமல் வரிசையாக நின்றன.

பதினான்கு மாதம். ஒவ்வொரு வியாழனும். தொப்பியை மாட்டுவது, குனிவது, பொட்டலத்தைப் பிரிப்பது, தின்பது. இங்கிருந்து அங்கே தெரிகிறதென்றால் அங்கிருந்தும் இங்கே தெரிந்திருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிமிர்ந்திருந்தால், நேருக்கு நேர் ஹெட்லியின் முகத்தைப் பார்த்திருப்பார். நிமிரவே இல்லை. அவமானத்தில் நெவிலுக்குக் காது மடல் வரை எரிந்தது. நெவில் வந்தாரா என்று மூரியல் கேட்டதற்கு இந்த மனுஷன் ஒரு வாரம்கூடப் பொய் சொல்லவில்லை.

கண்ணாடியில் ஹெட்லியின் கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஹெட்லி இடது கையால் கிளாஸைத் தூக்கி, கண்ணாடியை நோக்கி, கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அந்தக் கை போன விதத்தில் பழக்கம் இருந்தது. முதல் தடவையாகச் செய்கிற கை இல்லை அது.

நெவில் கண்ணாடியைப் பார்த்தே பேசினார். “அன்னிக்கு நான் சிரிச்சேன்டா.”

“ஆமா,” என்றார் ஹெட்லி.

அடுத்த கேள்வி நெவிலின் தொண்டை வரை வந்தது. மன்னிச்சிட்டியா என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் வரும். அந்த வார்த்தை வரலாம், தடி தட்டினாலும் தட்டலாம். அவருடைய கண் ஹெட்லியின் முழங்காலுக்கு நடுவே நின்ற தடியின் மேல் போனது. கேட்காமல் விழுங்கினார். இவ்வளவு வெட்கப்பட்ட பிறகும் தன்னிடம் இந்தக் கோழைத்தனம் மிச்சமிருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹெட்லி குடித்தார். உதட்டின் வலது ஓரம் மூடாததால் பியர் வழிந்து தாடைக்கு வந்தது. அம்பெறிந்து விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நெவில் மேல்பையில் கையை விட்டார். கைக்குட்டை இருந்தது, நான்காக மடித்து, பெரில் தேய்த்த மடிப்புக் கலையாமல். அதை எடுத்தார். இப்போதும் அவரால் பக்கத்தில் திரும்ப முடியவில்லை. கண்ணாடியில் தெரிந்த தாடையைப் பார்த்தபடியே கையை நீட்டினார். கண்ணாடியில் எல்லாம் பக்கம் மாறியிருந்ததால் கை தவறிப்போய்க் காற்றில் நின்றது. இன்னொரு தடவை நீட்டினார், அதுவும் தவறியது. ஹெட்லி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைக் கைக்குட்டை இருந்த பக்கம் மெதுவாக நகர்த்தினார். அவர்கள் இருவருக்கும் மேலே, கண்ணாடிக்குள், யாருமில்லாத அந்தச் சின்ன அறையில், தொப்பி அதே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.